ஒருவரையும் கொல்லாத ரத்தக்காட்டேரி



போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் கல்லூரித் தம்பி ஒருவர் லேப்டாப்பைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். இரவு பகலாக உட்கார்ந்து அவர் முடித்த ஒரு வீடியோ கேம் கொடுத்த விருது அது. கேமின் பெயர் 'வாம்பைர்'. ரத்தக்காட்டேரியாக விளையாடியும் கடைசிவரை ஒரு குடிமகனைக்கூடக் கொல்லாமல் கதையை முடித்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் விருதாம். தம்பிக்கு அப்படியொரு பெருமிதம். "கை சுத்தம் தோழர்" என்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார்.

"சாக்கடைக்குள்ள எத்தனை பேரை வெட்டின?" என்று கேட்டோம்.

"அதுங்க ஸ்கால் தோழர். அதெல்லாம் கணக்குல வராது."

கணக்கில் வராது. இந்த இரண்டு சொற்களுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தோம். அதற்கு முன் நாங்களும் விளையாடிப் பார்த்தோம். விளையாடாமலேயே தீர்ப்பு எழுதுகிறவர்கள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது அல்லவா. ஒரே லேப்டாப், ஒரே கன்ட்ரோலர், நான்கைந்து பேர், மூன்று வாரத்து ஞாயிற்றுக்கிழமைகள்.

கேம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். (முடிச்சுகளையும் அவிழ்க்கப்போகிறோம். இனிமேல்தான் விளையாடப்போகிறோம் என்பவர்கள் முடித்துவிட்டு வந்து படிக்கலாம்.) பாரிஸில் இருக்கும் டோன்ட்நாட் நிறுவனம் உருவாக்கி, 2018 ஜூனில் வெளிவந்த ஆக்‌ஷன் கேம் இது. காலம் 1918, இலையுதிர்காலம். இடம் லண்டன். முதல் உலகப்போர் முடியும் தறுவாய். ஊரெங்கும் ஸ்பானிஷ் ஃப்ளூ. ரத்தமாற்றுச் சிகிச்சையில் பெயர்வாங்கிய டாக்டர் ஜோனதன் ரீட் போரிலிருந்து திரும்பி வருகிறார், ஒரு பிணக்குழியில் கண்விழிக்கிறார். தாகம் தாங்கமுடியாமல் எதிரே வந்த பெண்ணின் கழுத்தைக் கடித்துவிடுகிறார். குடித்து முடித்த பிறகுதான் அவள் தன் உடன்பிறந்தவள் மேரி என்று தெரிகிறது. பிறகு பெம்புரோக் மருத்துவமனையில் இரவுப் பணியில் சேர்கிறார். அந்த டாக்டர்தான் நாம். இரவு முழுக்க நோயாளிகளைப் பார்க்கிறோம், தெருவில் இறங்கினால் ரம்பத்தை எடுத்துக்கொண்டு சண்டை போடுகிறோம்.

இந்த உலகத்தில் ரத்தக்காட்டேரிகள் எல்லோரும் ஒன்று இல்லை. உச்சியில் எகான்கள். பார்க்க அழகானவர்கள், பேச்சில் நயம், சாவு கிடையாது. அவர்களிலும் பணமும் பரம்பரையும் உள்ள கனவான்களுக்கு வெஸ்ட் எண்டில் 'அஸ்கலான் கிளப்' என்று தனிச் சங்கமே இருக்கிறது. பிரிட்டனின் விதியையே தாங்கள்தான் எழுதுவதாக அவர்களுக்கு நினைப்பு. அடியில் ஸ்கால்கள். தோல் அழுகி உருக்குலைந்து, சாக்கடையிலும் இடுகாட்டிலும் பதுங்கி, பிணம் தின்று வாழ்பவர்கள். எகானுக்கு ஸ்காலைக் கண்டாலே அருவருப்பு. தாகம் இருவருக்கும் ஒன்றுதான், சாபமும் ஒன்றுதான். நீ எந்த ரத்தத்தில், எந்த விதத்தில் பிறந்தாய் என்பதை வைத்து மேல் எது, கீழ் எது என்று முடிவாகிறது. பாபாசாகேப் 'படிநிலைச் சமத்துவமின்மை' என்று பெயர் சூட்டியதை நமக்கு யாரும் பிரான்ஸிலிருந்து விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் திரையில் பார்த்தபோது எங்களில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். அவ்வளவு பழக்கமான வீடு அது.

டாக்டர் ரீட் எந்தப் பிறப்பு என்று சொல்லவேண்டியதில்லை. எகான். அதுவும் வெஸ்ட் எண்டில் பிறந்து வளர்ந்த எகான்.

சரி, கணக்குக்கு வருவோம். கேமில் பெயர் உள்ள குடிமக்கள் சுமார் 60 பேர். துறைமுகம், வைட்சேப்பல், பெம்புரோக் மருத்துவமனை, வெஸ்ட் எண்ட் என நான்கு பகுதிகளில் இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு முகம், ஒரு குரல், ஒரு ரகசியம், பக்கத்தில் அழ ஒரு ஆள். ஒருவரைக் கொன்றால் அவரை நம்பியிருந்த இன்னொருவர் உடைந்துபோவார். பலரைக் கொன்றால் அந்தப் பகுதியே கெட்டுச் சிதைந்துபோகும். கேம் இதை ஒருபோதும் மறக்காது. டாக்டரின் காதலி லேடி எலிசபெத் ஆஷ்பரி கடைசியில் அவரோடு வருகிறாரா, தன்னையே எரித்துக்கொள்கிறாரா என்பதுகூட நீங்கள் குடிமக்களில் எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஸ்காலுக்கு இது எதுவும் கிடையாது. தெருமுனை திரும்பினால் இரண்டு பேர் நிற்கிறார்கள். வெட்டுகிறோம். சண்டைக்கு நடுவில் கழுத்தைக் கடித்துக் குடிக்கிறோம்; நம்முடைய மாயசக்திகள் ஓடுவதே அப்படிக் குடித்த ரத்தத்தில்தான். மறைவிடத்துக்குப் போய்ப் படுத்து எழுந்து வந்தால் அதே முனையில் வேறு இரண்டு பேர். யாரும் அழ வருவதில்லை, எந்தக் கடையும் மூடவில்லை, எலிசபெத்தின் முகம் சுளிக்கவில்லை. நூறு பேரை வெட்டினாலும் உங்கள் கை சுத்தம். ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடத் துப்பாக்கியோடு திரியும் பிரிவென் காவல்படையினருக்கும் இதே நிலைதான். அவர்கள் மனிதர்கள், ஆனாலும் கணக்கில் கிடையாது. ஆக, அந்த விருதின் உண்மையான வாசகம் "நீ யாரையும் கொல்லவில்லை" என்பது இல்லை. "முகவரி உள்ள யாரையும் நீ கொல்லவில்லை" என்பதுதான்.

இதைச் சொன்னதும் தம்பிமார்கள் பாய்ந்து வருவார்கள் என்று தெரியும். வந்தார்கள். "அதுங்களுக்கு மூளையே கிடையாது தோழர். அதுங்கதான் முதல்ல பாயும். சும்மா நின்னா செத்துடுவோம்."

சும்மா நின்றால் சாவோம் என்பது உண்மைதான். ஓடிப் பார்த்தோம். பல இடங்களில் ஓடித் தப்பிக்கவும் முடிகிறது. ஆனால் கதை நகரவேண்டும் என்றால் சில சண்டைகளைப் போட்டே ஆகவேண்டும் என்று கட்டிவைத்திருக்கிறார்கள். மூளை கிடையாது என்பதற்கோ கேமே சாட்சி சொல்ல மறுக்கிறது. லண்டன் சாக்கடைக்குள் ஒரு ஸ்கால் கூட்டத்தை நடத்திக்கொண்டு வாழ்கிறாள் ஓல்ட் பிரிட்ஜெட் என்ற கிழவி. மேலே உள்ளவர்களைக் கொல்லாமல் வாழ்வது எப்படி என்று தன் ஆட்களுக்குக் கற்றுக்கொடுப்பவள் அவள். துறைமுகப் பகுதியில் வீடில்லாதவர்களுக்கு இரவு விடுதி நடத்துகிறார் ஷான் ஹாம்ப்டன். மக்கள் அவரைப் புனிதர் என்றே அழைக்கிறார்கள். அவரும் ஸ்கால்தான். அவரை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் அதிகாரம் டாக்டர் கையில். கொல்லலாம், விட்டுவிடலாம், அல்லது தன் எகான் ரத்தத்தைக் குடிக்கவைத்து அவரை 'மேம்படுத்தலாம்'. மேல்பிறப்பின் ரத்தம் இறங்கினால் கீழ்பிறப்பு தேறிவிடும் என்பதைத் தீர்வாக வைத்திருக்கிற இந்த இடத்தில், சமூகவியல் வகுப்பில் 'சமஸ்கிருதமயமாக்கல்' பற்றிப் பத்து மதிப்பெண் விடை எழுதியவர்கள் எல்லோரும் ஒருமுறை எழுந்து நிற்கலாம்.

ஸ்கால்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதுதான் இதைவிட முக்கியம். அவர்கள் நரகத்திலிருந்து முளைக்கவில்லை, மருத்துவமனையிலிருந்து வந்தவர்கள். டாக்டர் ரீடுக்கு வேலை கொடுத்த பெம்புரோக் தலைமை மருத்துவர் எட்கர் ஸ்வான்சி, எலிசபெத்தின் ரத்தத்தை எடுத்து, படுக்கையில் கிடந்த ஹாரியட் ஜோன்ஸ் என்ற முதிய நோயாளியின் உடம்பில் செலுத்திப் பார்க்கிறார். பரிசோதனை. நல்ல எண்ணத்தோடுதான், மனிதகுலத்துக்கு மருந்து கண்டுபிடிக்கத்தான். அதிலிருந்து வெடித்துக் கிளம்புகிறது ஸ்கால் கொள்ளைநோய். சீமாட்டியின் ரத்தம், கனவானின் ஊசி, ஏழைக் கிழவியின் உடம்பு. பழி சுமந்து சாக்கடைக்குப் போனவர்கள் யார்? ஸ்வான்சியை என்ன செய்வது என்று தீர்மானிக்க நமக்குத் தனிக் காட்சி, மூன்று வழிகள், நிதானமாக யோசிக்க நேரம் எல்லாம் உண்டு. அவர் கையால் ஸ்காலாக ஆனவர்களுக்கு ரம்பம்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு மறுபடி தெருவில் இறங்குகிறோம். அதே முனையில் அதே இரண்டு பேர். கேமில் ஒன்றும் மாறவில்லை. கன்ட்ரோலரைப் பிடித்திருந்த தோழர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தபடி டாக்டரை நிறுத்தி வைத்திருந்தார். அப்புறம் அவரும் வெட்டினார். வேறு வழியில்லை.

இங்கே ஒரு கிளைக்கதை. ரத்தக்காட்டேரி என்றதும் கறுப்பு அங்கி போட்ட பிரபுதான் நம் நினைவுக்கு வருகிறார். ஆனால் ஐரோப்பிய நாட்டார் நம்பிக்கையில் அவர் பிரபுவே கிடையாது. 1720-களில் செர்பியக் கிராமங்களில் செத்தும் எழுந்துவந்ததாக ஆஸ்திரிய அதிகாரிகள் அறிக்கை எழுதிய பிணங்கள் எல்லாம் சாதாரணக் குடியானவர்கள். 1819-இல் பாலிடோரி எழுதிய கதையில்தான் ரத்தக்காட்டேரி ஒரு லார்டு ஆனது. 1897-இல் பிராம் ஸ்டோக்கர் அதைக் கோட்டையும் கொத்தளமுமாகக் கவுண்ட் டிராகுலா ஆக்கினார். இந்தக் கேம் இரண்டையும் ஒரே ஊரில் குடிவைத்திருக்கிறது. நாட்டார் பிணத்தைச் சாக்கடையிலும் இலக்கியப் பிரபுவை வெஸ்ட் எண்டிலும். நம் மொழி இன்னொரு வேலை செய்திருக்கிறது. காட்டேரி நம் கிராமங்களில் மக்கள் கும்பிடும் தெய்வம். ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்கள் கயானா வரைக்கும் கொண்டுபோய் இன்றும் கும்பிடும் தாய். அவள் பெயரை எடுத்துத்தான் ஐரோப்பாவின் கோட்டைப் பிரபுவுக்கு ஒட்டியிருக்கிறோம். இந்தக் கட்டுரையிலும் வேறு சொல் கிடைக்காமல் அதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறோம். காட்டேரி பொறுத்தருளட்டும்.

"கேம்ல போய் எதுக்கு அரசியல் தேடுறீங்க?" என்று கேட்பவர்களுக்கு நிஜ உலகத்துக் கணக்கு ஒன்றைச் சொல்கிறோம். 2021 ஜூலையில் மாநிலங்களவையில் ஒன்றிய அரசு ஒரு பதில் சொன்னது. முந்தைய ஐந்து ஆண்டுகளில் கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகப் பதிவே இல்லை என்றது. பூஜ்யம். பாதாளச் சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் மூச்சடைத்துச் செத்தவர்கள் எங்கே போனார்கள்? அவர்கள் வேறு கணக்கு. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் மலம் அள்ளுவதைத் தனியாகவும், சாக்கடையிலும் தொட்டியிலும் இறங்குவதை 'அபாயகரமான சுத்திகரிப்பு' என்று தனியாகவும் வரையறுத்திருக்கிறது. முதல் கட்டத்தைக் கேட்டால் பூஜ்யம் என்பார்கள். இரண்டாவது கட்டத்தைத் தனியாகக் கேட்டால்தான் எண் வரும். சட்டம் தெரிந்தவர்கள் இது பொய்யே இல்லை என்பார்கள். தம்பியின் விருதும் பொய் இல்லைதானே? அவர் எந்தக் குடிமகனையும் கொல்லவில்லை.

எண்ணப்படுவது நம்மவர்களுக்கு வெறும் மரியாதைப் பிரச்சினை கிடையாது. 1993-இலிருந்து சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. அந்தப் பணம் வீடு வந்து சேர, செத்தவர் அந்தக் கட்டத்துக்குள் எழுதப்பட்டிருக்கவேண்டும். "எங்கள் ஆள் இல்லை", "தவறி விழுந்துவிட்டான்", "குடித்திருந்தான்" என்று எழுதிவிட்டால் அவரும் தெருமுனை ஸ்கால்தான்.

உள்ளபடி எண்ணினால் என்ன தெரியவரும் என்பதற்கும் சான்று இருக்கிறது, அதுவும் இந்தக் கேம் நடக்கும் அதே 1918-இலேயே. லண்டனைப் பிடித்த அதே காய்ச்சல்தான் கப்பலேறி பம்பாய்க்கு வந்தது. பிரிட்டனில் அது கொன்றது இரண்டேகால் லட்சம் பேரை என்றால், பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேல். பம்பாய் நகரில் சாவைச் சமூகவாரியாகப் பதிந்திருந்தார்கள். ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு 8.3 பேர். சாதி இந்துக்களில் 18.9. தாழ்ந்த சாதியினர் என்று பதிவேடு எழுதிவைத்தவர்களில் 61.6. கிருமி ஒன்றுதான். காற்று புகாத அறை, நெருக்கடியான குடியிருப்பு, காய்ச்சலோடும் போயே தீரவேண்டிய வேலை, வாசலைத் தாண்டி உள்ளே வராத வைத்தியம். இவைதான் 8-ஐ 61 ஆக்கின. அந்த 1918 நவம்பரில்தான் அதே பம்பாயில் அம்பேத்கர் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தார். ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று உடன் வேலைபார்த்த பேராசிரியர்கள் சிலர் எதிர்த்தார்கள். கொள்ளைநோய் நடுவிலும் அவர்களுக்குத் தொற்று என்றால் பயம் இதுதான்.

இதுவரை சொன்னது கதை இல்லாதவர்களின் நிலை. கதை உள்ளவர்களின் நிலை என்ன என்று பார்த்தபோதுதான் எங்களுக்கு உள்ளே குத்தியது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் ஒரு கை சுத்தம் விருதாகிவிடும்.

கேமில் வலிமை பெறப் புள்ளிகள் வேண்டும். ஸ்காலை வெட்டினால் கிடைப்பது அற்பம். குடிமகன் ஒருவரைத் 'தழுவினால்', அதாவது இருட்டுக்குக் கூட்டிப்போய்க் கழுத்தைக் கடித்தால், கொட்டும். எவ்வளவு கொட்டும் என்பது திரையிலேயே தெரியும். அவர் ரத்தத்துக்கு ஒரு தரம் உண்டு. முன்பின் தெரியாத ஆளின் ரத்தத்துக்கு மதிப்புக் குறைவு. பக்கத்தில் உட்கார்ந்து பேசி, பிள்ளை செத்த கதையையும் கடன் கதையையும் திருடிய கதையையும் ஒவ்வொன்றாகக் கறந்தால், ஒவ்வொரு ரகசியத்துக்கும் ரத்தத்தின் மதிப்பு ஏறும். நோயாளியாக இருந்தால் மதிப்பு இறங்கும். அதனால் மருந்து கொடுத்துக் குணப்படுத்தவேண்டும். குணமானால் ஏறும். கனிவாகக் கேட்கும் டாக்டருக்கும் கணக்குப் பார்க்கும் காட்டேரிக்கும் ஒரே பட்டன்தான். மூலதனத்தை ரத்தக்காட்டேரிக்கு ஒப்பிட்டு மார்க்ஸ் 1867-இலேயே எழுதிவிட்டார். நலம் விசாரித்துவிட்டு வந்து குடிக்கும் இந்தக் காட்டேரியை அவர் பார்க்கவில்லை.

கேம் நடக்கும் வைட்சேப்பலில்தான் எங்கள் தொழிலும் பிறந்தது. நாங்கள் இட்டுக்கட்டவில்லை. 1884-இல் வைட்சேப்பலில் திறக்கப்பட்ட டாய்ன்பி ஹால்தான் உலகத்தின் முதல் பல்கலைக்கழகக் குடியேற்ற இல்லம். ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் படித்த பிள்ளைகள் ஏழைகளுக்கு நடுவில் தங்கித் தொண்டு செய்யக் கட்டியது. சில ஆண்டுகளில் சார்லஸ் பூத் வீதிவீதியாகக் கணக்கெடுத்து லண்டன் வறுமைக்கு வரைபடம் போட்டார். பணக்காரத் தெருவுக்கு மஞ்சள் பூசினார். அடித்தட்டுத் தெருவுக்குக் கறுப்பு. அங்கே இருப்பவர்கள் தீய குணத்தவர், பாதிக் குற்றவாளிகள் என்று குறிப்பு. (அதே சாம்ராஜ்யம் 1871-இல் இங்கே குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டபோது 'பாதி' என்ற சலுகையைக்கூடக் கொடுக்கவில்லை.) அந்தக் குடியேற்ற இல்ல மரபைத்தான் கிளிஃபர்டு மான்ஷார்ட் 1926-இல் பம்பாய் நாக்பாடாவுக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து 1936-இல் இந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளி வந்தது. சேரிக்குள் சென்று, உட்கார்ந்து, கேட்டு, எழுதி, திரும்பி வருவது. சமூகவியல் படித்துவிட்டுக் களத்துக்கு வந்த நாங்களும் அந்த வழியில்தான் நடந்தோம். டாக்டர் ரீட் வெஸ்ட் எண்டிலிருந்து கிளம்பி வைட்சேப்பல் சந்துக்குள் நுழையும்போது எங்களுக்கு அந்த நடை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர்களாக இருந்தோம். பெயர் வேண்டாம். கழிவுநீர்த் தொட்டியில் கணவனைப் பறிகொடுத்த அக்கா ஒருவரிடம் கேஸ் ஸ்டடி எடுக்கப் போனோம். காலையில் என்ன சாப்பிட்டுவிட்டுப் போனார், உடம்பைத் தூக்கும்போது யார் பக்கத்தில் இருந்தது, பிள்ளையிடம் எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டோம். அப்படித்தான் கேட்கச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், விவரம் இருந்தால்தான் அறிக்கை வலுவாக இருக்கும் என்று. அந்த அக்கா நன்றாகச் சொன்னார். ஆண்டறிக்கையில் படத்தோடு அரைப்பக்கம் வந்தது. நிதி நீட்டிப்பும் வந்தது. அடுத்த வருடம் வேறொரு அறிக்கைக்காக மறுபடி போனபோது அக்கா டீ கொடுத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, போன வருசமும் இதேதான் கேட்டு எழுதிட்டுப் போனீங்க. எஃப்.ஐ.ஆர் நகலு ஒண்ணு வேணும், வாங்கித் தாங்கன்னு அப்பவே சொன்னேன். அது என்னாச்சு?"

அது ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு வருடத்தில் நாங்கள் அந்தக் கதையை மூன்று கருத்தரங்குகளில் சொல்லியிருந்தோம்.

நாங்கள் யார் கழுத்தையும் கடிக்கவில்லை. உண்மையிலேயே அக்கறையோடுதான் கேட்டோம், எங்களில் ஒருவர் அங்கேயே அழுதும்விட்டார். டாக்டர் ரீடும் உண்மையான அக்கறையோடுதான் கேட்கிறார், நடிக்கவில்லை. வைட்சேப்பலில் ஏழைகளுக்காகத் திருட்டுத்தனமாக ஒரு மருத்துவ நிலையம் நடத்துகிறாள் டோரதி கிரேன் என்ற செவிலி. பெம்புரோக்கிலிருந்து மருந்தைத் திருடிக் கொண்டுபோய்த்தான் நடத்துகிறாள். அவளை அவள் பாட்டுக்கு விட்டுவிடலாம். கொல்லலாம். இரண்டுக்கும் நடுவே, வசியம் பண்ணி நினைவை மட்டும் அழிக்கும் சாதுவான ஒரு வழியும் உண்டு. பலரும் அந்த நடுவழியைத்தான் பிடிக்கிறார்கள், எங்களைப் போலவே. அந்த வசியத்தில் அவள் புத்தி கலங்கிப்போகிறாள். யாருக்கும் தீங்கில்லாத வழி என்று நினைத்தோமே, கேம் ஏமாற்றிவிட்டது என்று விளையாடியவர்கள் பலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். எங்களுக்கு இந்தக் கேமில் பிடித்த இடமே அதுதான். அங்கே ஒரே ஒரு தடவை, நல்லவரின் சாதுவான கை என்ன செய்யும் என்று நேர்மையாகக் காட்டிவிடுகிறது.

"அப்போ கேம் எடுத்தவங்க வர்க்கத்தையும் அதிகாரத்தையும் விமர்சிக்கிறாங்க, நம்ம ஆளுங்கதானே தோழர்?" என்று ஒரு தங்கை கேட்டார். நல்ல கேள்வி. கதை எழுதியவர்கள் விமர்சிக்கிறார்கள். அஸ்கலான் கிளப்பைக் கிண்டல் செய்கிறார்கள், பிரிட்ஜெட்டை மரியாதையோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் கதையில் சொல்வதை விதியில் அழித்துவிடுகிறார்கள். ஸ்காலுக்கும் மனம் உண்டு என்று வசனம் சொல்கிறது. இல்லை என்று புள்ளிக்கணக்கு சொல்கிறது. கைகள் பழகுவது புள்ளிக்கணக்கைத்தான். அரசியல் சட்டத்தில் 17-ஆவது பிரிவை எழுதிவைத்துவிட்டு நகராட்சி டெண்டரில் சாக்கடை வேலையை வழக்கம்போல் ஒப்பந்தக்காரருக்கு விடுவது மாதிரிதான் இதுவும். முதலாவதைப் படித்துப் பரவசப்பட்டு இரண்டாவதை மறந்துவிடும் ஆட்கள் நம் பக்கத்திலும் கொஞ்சநஞ்சம் இல்லை.

கேமே ஆடக்கூடாது என்றோ, விருது வாங்கியதற்காகத் தம்பி வெட்கப்படவேண்டும் என்றோ நாங்கள் சொல்லவரவில்லை. சண்டை நன்றாக இருக்கிறது, பனி மூடிய அந்தத் தெருக்கள் நன்றாக இருக்கின்றன, கேள்விகளும் சில இடங்களில் நன்றாகவே இருக்கின்றன. கை சுத்தம் என்று காட்டும் அந்தப் பெருமிதத்தோடுதான் எங்கள் சண்டை. அதே பெருமிதத்தைச் சமபந்தி போஜனப் படங்களிலும், "நான் சாதி பாக்கிறதே இல்லைங்க" என்பவர்களின் முகத்திலும், ஆண்டறிக்கையின் அட்டையிலும் பார்த்துச் சலித்துவிட்டோம்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தம்பியே ஒரு யோசனை சொன்னார். மறுபடி முதலிலிருந்து ஆடுவோம், இந்தமுறை ஒருவர் ஆட, இன்னொருவர் நோட்டைப் பிடித்துக்கொண்டு கீழே விழும் ஒவ்வொரு ஸ்காலுக்கும் ஒரு கோடு போடட்டும் என்றார். பெயர் தெரியாததால் இடத்தையாவது எழுதுவோம் என்று தங்கை சேர்த்துக்கொண்டார். துறைமுகக் கிடங்குக்குப் பின்னால், இரண்டு. வைட்சேப்பல் இடுகாட்டு வாசல், மூன்று. பாலத்துக்குக் கீழே, ஒன்று, இதற்கு முன்பே கால் ஊனம்.

இதுவரை பாதிக் கதைதான் வந்திருக்கிறோம். குடிமக்கள் பட்டியலில் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். நோட்டில் நான்காம் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த அக்காவின் எஃப்.ஐ.ஆர் நகலுக்குப் போன வாரம் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டிருக்கிறோம். ஆறு வருடம் தாமதம்.